பாறைகளை அழித்தவர்

இரும்புக் கம்பியின் முதல் அடியிலேயே ஜெனோவின் தோளெலும்பு விலகியது. குளச்சல் படகுகளுக்குக் கடலடிப் பாறைகளைக் காட்டி வழிசொல்லும் செயலிகளை எழுதுகிறவன் அவன். கம்பியோடு நின்ற படகுக்காரர் கிளீட்டஸுக்கு ஒன்று, அவருடைய பகையாளி வில்பிரடுக்கு ஒன்று எழுதிக் கொடுத்திருந்தான்.

“வில்பிரடு இந்த மழை இருட்டுல கடலுக்குப் போயிருக்கான். அவன் ஆப்ல ஒரு பாறையும் தெரியப்பிடாது. அழிலே.”

“அண்ணே, ரெண்டு ஆப்பும் எப்படி வேல செய்யுதுன்னு சொல்லுதேன், கேளுங்க...”

“எனக்கே பாடம் எடுக்கியா?”

அடுத்த அடியில் பல் ஒன்று மேசையில் விழுந்தது. ஜெனோ அழித்தான். அவன் திரும்பவும் சேர்த்துவிடக் கூடாதென்று கிளீட்டஸ் கணினியை அடித்து நொறுக்கினார்.

“இனி ஒம் பாடத்தச் சொல்லு மக்கா.”

“பாறைப் படத்த ரெண்டு தடவ எழுதல அண்ணே. ஒரே இடத்துல எழுதி வச்சிருக்கேன். ரெண்டு ஆப்பும் அங்கேர்ந்துதான் எடுத்துக்கிடும். அங்க அழிச்சா ரெண்டுலயும் போயிரும்.”

கிளீட்டஸின் கையிலிருந்து கம்பி நழுவியது. காலையில்தான் அவர் மகன் முதன்முறையாகத் தனியாகப் படகை எடுத்துப் போயிருந்தான். போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. என்ஜின் சத்தத்தில் அவனுக்குக் கேட்டிருக்காது.

“திரும்ப எழுதுலே” என்று ஜெனோவின் காலைப் பிடித்தார்.

“எதுல எழுத, அண்ணே?”