தப்பான முடிவுக்கு ஒரு வார்த்தை

சோபாவின் ஒரு கையைக் கடித்துக் குதறிவிட்டு, ஒன்றும் தெரியாத அப்பாவி மாதிரி மேஜைக்கடியில் படுத்திருந்தது பஞ்சு. வெள்ளைவெளேர் என்று இருந்ததால் அந்த நாய்க்கு அப்படிப் பெயர்.

"போதும்டா சாமி," என்றாள் அம்மா. "அந்த லெட்டரை இன்னிக்கே எழுதிடுங்க."

டயர் கடை வைத்திருக்கும் அப்பாவுக்கு இங்கிலீஷ் என்றால் வேப்பங்காய். ஆறாவது படிக்கும் மகளுக்கோ அது தண்ணீர் பட்ட பாடு. முன்பு விடுதியில் இருந்தபோது சிஸ்டர் தினம் பத்து வார்த்தையாவது ஒப்பிக்கச் சொல்லி உயிரை வாங்குவார். அதனால் பேனா அவள் கைக்கு வந்து சேர்ந்தது.

"திருப்பி அனுப்பப் போறீங்களாப்பா?" என்று கேட்டாள். பஞ்சு இல்லாவிட்டால் இந்த வீட்டில் அவளோடு பேச யார் இருக்கிறார்கள்?

அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒரு வருஷம் ஆகறதுக்குள்ள அனுப்பிக்கலாம். ஆனா குறை சொல்லி எழுதினா அவங்க ஏத்துக்க மாட்டாங்க. கூட்டிட்டு வந்த எங்க முடிவுதான் தப்புன்னு எழுதணும். அதுக்கு நல்ல வார்த்தையா சொல்லு பாப்பா."

போகிற இடத்தில் பஞ்சுவுக்குக் கெட்ட பெயர் இருக்காது. அந்த மட்டில் ஆறுதல்தான்.

"ஹேஸ்டி. அவசரப்பட்டு எடுத்த முடிவு."

"அவசரமா? ரெண்டு வருஷம் யோசிச்சோம். மூணு தடவை நேர்ல போய்ப் பார்த்தோம்."

நாய்க்குட்டி வாங்கப் போனபோது அவளும் கூடத்தான் போனாள். ஐந்தே நிமிஷத்தில் தூக்கி வந்த குட்டிக்கு இரண்டு வருஷ யோசனையாம்! லெட்டர் என்றால் அப்பாவும் கொஞ்சம் அளப்பார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"அப்ப ஃபூலிஷ்?"

"எங்களை முட்டாள்னு எழுதறியா?" என்று பாய்ந்தாள் அம்மா.

"மிஸ்கைடட். மத்தவங்க பேச்சைக் கேட்டு வழி தவறிப் போறது."

அப்பா தொடையைத் தட்டினார். "அதேதான்! வீட்ல ஒண்ணு இருந்தா எல்லாம் சரியாப் போயிடும்னு ஆளாளுக்கு ஏத்திவிட்டாங்க. இன்னொண்ணும் போடு, கனமா."

"ரெக்ரெட்டபிள். நினைச்சு நினைச்சு வருத்தப்படற மாதிரி."

"அடேங்கப்பா, கெட்டிக்காரிதான்!" அம்மா சிரித்தேவிட்டாள். அம்மா அவளைப் பார்த்துச் சிரித்து மாசக்கணக்கில் ஆகிறது. நாய் போகிற துக்கத்திலும் அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

"பேர் போட வேண்டாம்," என்றார் அப்பா. "அவங்க கொடுத்த நம்பர் இருக்கு, அதை நான் போட்டுக்கறேன்."

கடைசியில் யாரும் கேட்காமலே ஒரு வரி சேர்த்தாள். என்ன எழுதினாய் என்று அப்பா கேட்டதும் தமிழில் சொன்னாள்.

"இருட்டுன்னா பயம். பக்கத்துல யாராவது இருந்தாத்தான் தூக்கம் வரும். பாசமா வச்சுக்கற வீடாப் பார்த்துக் கொடுங்க."

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இருந்துட்டுப் போகட்டும்," என்றாள் அம்மா. "உண்மைதானே."

அப்பா கையெழுத்துப் போட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஞ்சுவின் தட்டு, கழுத்துப்பட்டை, கிழிந்த போர்வை எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் எடுத்து வைத்தாள். பஞ்சு வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தது.

அம்மா ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து நீலப் பெட்டியை இறக்கினாள். பதினோரு மாதத்துக்கு முன்னால், விடுதியிலிருந்து அவளைத் தத்தெடுத்து இந்த வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று அவள் கையில் இருந்த பெட்டி அது.

"இவ்ளோ பெரிய பெட்டி எதுக்கும்மா? பஞ்சுவோட சாமான் எல்லாம் இந்தப் பையிலயே அடங்கிடுச்சே."

அம்மா அலமாரியைத் திறந்து அவளுடைய கவுன்களை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

"பஞ்சு எங்கேயும் போகலை."