சொந்தமாக ஒரு வரி

"ஒரு வரி எழுத இம்புட்டு நேரமாலே?"

செல்வமணி நோட்டை இடது கையால் மறைத்துக்கொண்டு, பென்சில் முனையையே பார்த்தபடி தரையில் குந்தியிருந்தான்.

"உன்னத்தாம்லே கேக்கேன். லீவுல என்ன செஞ்சேன்னு சொந்தமா ஒரு வரி எழுது."

"போர்டுல எழுதிப் போடுங்க டீச்சர். பாத்து எழுதிருதேன்."

கூடமே சிரித்தது. சிரித்த நாற்பது பேரும் ஆசிரியர்கள். 'குந்தியிருந்தான்' என்று சொன்னதற்கு மன்னிக்க வேண்டும். செல்வமணிக்கு வயது ஐம்பத்தொன்று, கல்லிடைக்குறிச்சியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறவர்.

பாளையங்கோட்டையில் மே மாத வெயில் மண்டையைப் பிளக்கிறது. இந்த மாதத்தில்தான் ஆசிரியர்களுக்கு எழுத்துப் பயிற்சி வைத்தாக வேண்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் முடிவு செய்திருக்கிறார். மூன்று மின்விசிறிகளில் இரண்டுதான் சுற்றின. வந்தவர்கள் எல்லோருக்கும் எரிச்சல். அதிலும் ஃபஹ்மிதா டீச்சருக்கு அடக்க முடியாத எரிச்சல்.

வீடு கல்லிடைக்குறிச்சி, வேலை ஆழ்வார்குறிச்சிப் பள்ளியில். பத்தொன்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுக்கிற எனக்கே பாடமா என்று காலை டீயின்போதே பொரிந்து தள்ளியிருந்தார். செல்வமணி வகுப்பில் படிக்கிற தன் மகள் ஷஃபீகா கையெழுத்துப் போட்டியில் முதல் பரிசு வாங்கியதை எல்லோரிடமும் சொன்னார். செல்போனில் அவளுடைய இரட்டைக்கோடு நோட்டைக் காட்டினார். ஓர் எழுத்துகூடக் கோட்டைத் தாண்டவில்லை. வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஓர் ஆள் இருந்தால் போதும், பயிற்சியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்றார்.

பயிற்சி நடத்திய ஜெபசீலன் ஒரு வேலை கொடுத்திருந்தார். உங்கள் வகுப்பில் எழுத மறுக்கிற ஒரு பிள்ளையைப் பற்றி, பெயர் போடாமல் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். பிறகு அந்தப் பிள்ளையாகவே நடியுங்கள். டீச்சராக நடிக்கிறவரைச் சீட்டுக் குலுக்கி எடுப்போம்.

செல்வமணிக்கு வந்த சீட்டில் ஃபஹ்மிதாவின் பெயர். வேறு யாரையாவது போடுங்கள் என்று அவர் கெஞ்சிப் பார்த்தார். டீச்சருக்குப் பயந்துவிட்டார் என்று கூடம் கேலி செய்தது. பக்கத்தை ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாயிற்று, மாற்ற முடியாது என்று ஜெபசீலனும் சொல்லிவிட்டார்.

"பராக்குப் பாக்காம எழுதுலே." ஃபஹ்மிதா மர ஸ்கேலால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார்.

செல்வமணி மூன்று சொற்கள் எழுதினார். டீச்சரின் முகத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்தத் தாளைத் தானே கிழித்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஏம்லே கிழிச்சே?"

"தப்பா இருந்தா நீங்க கிழிப்பீங்கல்லா டீச்சர். அதான் நானே கிழிச்சிட்டேன்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஃபஹ்மிதா ஸ்கேலைக் கீழே வைத்தார். இது நடிப்பா, உள்ளதா என்று கேட்டார்.

உள்ளதுதான் என்றார் செல்வமணி. இந்த வருஷம் முழுக்க அந்தப் பிள்ளை சொந்தமாக ஒரு வரி எழுதவில்லை. வீட்டில் ஓர் எழுத்துக் கோணினாலும் அம்மா தாளைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுத வைக்கிறார். அவரிடம் நேரில் பேசலாம் என்றால், பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. கூட்டம் நடக்கிற அன்றைக்கெல்லாம் அவருக்கும் வேலை இருக்கிறது.

ஃபஹ்மிதாவுக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை நேரம் காட்டியது நடிப்புக் கோபம், இது நிஜக் கோபம்.

"பெத்தவளா அவ? நாம இங்கன தொண்டை வத்தக் கத்துதோம், அவ வீட்டுல வச்சு பிள்ளை கைய முடமாக்கிட்டு இருக்கா."

அதோடு விடவில்லை. ஒரு வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருந்தீர்களே, உங்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று செல்வமணியையும் பிடித்து உலுக்கி எடுத்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நடிப்பு முடிந்தது, எல்லோரும் உட்காருங்கள் என்று ஜெபசீலன் நடுவில் வந்தார். ஃபஹ்மிதா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எங்க ஊருப் பிள்ளைதான சார்? சாயங்காலம் செங்கோட்டை ரயில்ல இறங்குனதும் நேரா அந்த வீட்டுக்குத்தான் போவேன். அவள நாக்கப் புடுங்குத மாதிரி நாலு கேள்வி கேட்டாத்தான் எனக்கு மனசு ஆறும்."

ரயிலில் போகும்போது தனியாகச் சொல்கிறேன் என்றார் செல்வமணி.

"தனியா எதுக்கு? இங்கனயே சொல்லுங்க. நாப்பது பேருக்கும் தெரியட்டும்." பேனா மூடியைக் கழற்றி, பயிற்சிக்குக் கொடுத்த நோட்டில் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பினார் ஃபஹ்மிதா. "பிள்ளை பேரைச் சொல்லுங்க சார்."

செல்வமணி முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். சட்டைப் பையிலிருந்த மடித்த தாளை எடுத்து, ஃபஹ்மிதாவின் நோட்டின்மேல் வைத்தார்.

"உங்க ஷஃபீகாதான் டீச்சர்."