ஏரியில் வராத வலி

"இதெல்லாம் என்ன காயம்?"

டாக்டர் மாலதி, வசந்தாவின் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு கைகளிலும் வரிவரியாகக் கீறல்கள். சில இன்னும் காயவில்லை. கதவோரம் துணிப்பையுடன் நின்ற அவள் புருஷன் நாகப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஏரி சிப்பி கீறிடுச்சும்மா. அவரு அடிக்கிற ஆளு இல்ல."

டாக்டர் நம்பவில்லை. "தலைவலி எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா. ஏரிய வுட்டு வூட்டுக்கு வந்தா ஆரம்பிச்சுடும். பின்மண்ட கயண்டு வுழறாப்பல இருக்கும்."

"படுத்தா குறையுதா?"

"பகல்ல எங்க மாமியா படுக்க வுட்டாதான? ராவுல அசந்து தூங்கிடுவேன்."

எழுதிக்கொண்டிருந்த டாக்டரின் கை நின்றது. "நின்னா வலிச்சு, படுத்தா வலி போச்சுன்னா, முதுகுத்தண்டு நீர் எங்கேயோ கசிஞ்சு அழுத்தம் குறையுதான்னு பார்க்கணும். ஸ்கேன் எடுக்கணும். ஏரியில எப்படி?"

"ஆறு மணி நேரம் எறா புடிப்பேன். அங்க வலிக்காது."

"கொஞ்சம்கூட?"

"கொஞ்சம்கூட."

டாக்டர் பேனாவை மூடினார். "அப்போ அது இல்ல. வீட்டுலதான் ஏதோ பிரச்சினை. கொஞ்ச நாள் அம்மா வீட்டுல இரும்மா."

நாகப்பன் உள்ளே வந்தான்.

"எங்கம்மாவும் இதத்தான் சொல்லுது. ஏரில நல்லாக்கீறா, என் மூஞ்சப் பாத்தா தலவலி. அதான் துணியோட கூட்டியாந்தேன். ஒரேடியா அங்கயே வுட்டுட்டுப் போயிடறேன்."

"நான் அப்டி சொன்னனா?"

"நீ இன்னாத்துக்கு சொல்லணும்? ஊரே சொல்லுது."

வசந்தா எழுந்தாள். எழுந்ததும் பிடரியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். நாகப்பன் சுவரைப் பார்த்தான்.

"பாத்தீங்களா? கெளம்புன்னா வந்துடும்."

கதவு வரை போனவளைப் பார்க்க டாக்டருக்குப் பாவமாக இருந்தது. குரலைத் தணித்தார்.

"பயப்படாதேம்மா. நாள் பூரா பழவேற்காட்டு ஏரித் தண்ணியில நிக்கிற உடம்பு. உனக்கு ஒரு கோளாறும் இருக்காது."

வசந்தா திரும்பினாள்.

"நிக்கிறதா? குப்புறப் படுத்துக்குனுதாம்மா எறா தடவுவோம்."