கனிவாகப் பேசவும்

"யோவ் மாஸ்டர், எந்திரிய்யா! உட்கார்ந்தே வேர் விட்டுடலாம்னு பாக்கறியா?"

ஆஸ்பத்திரிப் பயிற்சி அறை வாசலில் நின்ற மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அப்பா ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். ஊரில் பாதிப் பேர் அவர் விசிலுக்கு ஓடியவர்கள். பக்கவாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்ட பிறகு, வீட்டில் யாரும் அவரிடம் குரலை உயர்த்தியதே இல்லை. அவரைப் போய், போன மாதம் வேலைக்கு வந்த ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் இப்படிப் பேசுவதா?

அப்பா முகம் சிவக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழ முயன்றார். அதற்கு மேல் பார்க்க மகளுக்குப் பொறுக்கவில்லை. நேராகப் பெரிய டாக்டர் அறைக்குப் போனாள்.

"இது ஆஸ்பத்திரியா, சந்தைக்கடையா டாக்டர்?"

அந்தப் பிசியோதெரபிஸ்ட் பெண்ணைக் கூப்பிட்டு அனுப்பினார் டாக்டர்.

"பெரியவரைத் திட்டினியாம்மா?"

"ஆமா டாக்டர்."

ஒரு மழுப்பல்கூட இல்லை!

"பக்கத்துல பயிற்சி பண்ற இன்னொரு அம்மாவை மட்டும் செல்லம், தங்கம்னு கொஞ்சறாங்க. எங்கப்பான்னா இளக்காரமா?" என்றாள் மகள்.

"அவங்களுக்குக் கொஞ்சினாத்தான் கால் அசையும். இவருக்கு..." பெண் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"இவருக்கு?"

"அதை நான் சொல்றதுக்கில்ல டாக்டர்."

டாக்டருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "இங்க எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி கனிவாத்தான் பேசணும். இவங்ககிட்ட மன்னிப்புக் கேளு. இனிமே இப்படிப் பேச மாட்டேன்னும் சொல்லு. இல்லேன்னா நாளையிலிருந்து வர வேண்டாம்."

"மன்னிப்புக் கேக்கறேன் டாக்டர். ஆனா நாளைக்கும் அவரைத் திட்டத்தான் செய்வேன்." அவள் கண் கலங்கியிருந்தது.

"பாத்தீங்களா திமிரை!" என்றாள் மகள்.

கதவு திறந்தது.

அப்பா நின்றிருந்தார். சக்கர நாற்காலி இல்லை, பிடித்துக்கொள்ள ஆளும் இல்லை. சுவரில் ஒரு கை ஊன்றியிருந்தார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

"அப்பா! நீங்களாவே நடந்தா வந்தீங்க?" மகள் பதறிக்கொண்டு ஓடினாள்.

"பிடிக்காதேம்மா, நிக்கறேன்." மூச்சு வாங்கியது அவருக்கு. "டாக்டர், இந்தப் பொண்ணை ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் திட்டச் சொன்னேன்."

"ஏம்ப்பா?"

"நீங்கள்லாம் 'மெதுவா', 'பரவாயில்ல', 'முடியலேன்னா விடுங்க'ன்னு சொல்லச் சொல்ல, இனி நம்மால ஆகாதுன்னே தோணிடுதும்மா. அழுகை முட்டிக்கிட்டு வருது. அதட்டினாத்தான் இந்தக் காலுக்கு ரோஷம் வருது. உன் மனசு நோகுமேன்னு, உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு இவகிட்ட சத்தியம் வாங்கினேன்."

மகள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரிம்மா, இவரை இப்படியே திட்டு. அது சரி, இவ்வளவு வாயை எங்க கத்துக்கிட்டே?"

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

"இவளுக்கு எங்க டாக்டர் திட்ட வருது? முதல் நாள் 'யோவ்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, அவளே அழுதுட்டா. தினம் காலையில நான்தான் சொல்லிக் குடுத்துப் பேச வைக்கறேன்!"