தலைவரின் கொள்ளுத்தாத்தா

“எங்க கொள்ளுத்தாத்தா ஒன்பதடி ஆளுய்யா! கல்லறை நீளத்தைப் பாத்தாலே தெரியலையா?”

குடியிருப்போர் சங்கத் தலைவர் இடுப்பில் கைவைத்து நின்றார். களை பிடுங்கிக்கொண்டிருந்த உறுப்பினர்கள் “ஆமாமா” என்றார்கள். இல்லை என்று சொன்னவர் தெருவுக்கு மறுநாள் தண்ணீர் லாரி வராது.

நூறு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கல்லறைத் தோட்டம் ஒரு பெரிய பண்ணையின் கொல்லைப்புறம். அங்கே முதலில் அடக்கம் நடந்தது இந்தப் பெரிய கல்லின் கீழேதான். பாசிக்கு மேலே தெரிந்த வரிகளைத் தலைவர் கூட்டத்துக்குக் கூட்டம் ஒப்பிப்பார். இன்றும் விடவில்லை.

“‘ராஜா. முதலாளிக்கு உண்மையானவன். குடும்பத்தையே முதுகில் சுமந்தவன்.’ எங்க வம்சம் இந்தப் பண்ணையில உழைச்ச வம்சம். இவ்வளவு பெரிய கல்லை வேற எவனுக்கு வைப்பாங்க?”

அந்தக் கல் வாசலிலிருந்தே தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு பாதை போடுவதாகத் தீர்மானம். குறுக்கே இருந்தது தையற்கார அம்மாவின் கணவர் கல்லறை. சின்னதுதான். சுற்றிலும் செங்கல் அடுக்கி, சுண்ணாம்பு அடித்து, ஒரு புல் முளைக்க விடாமல் வைத்திருந்தாள். அதைத் தோண்டி மதிலோரம் மாற்றப்போகிறார்கள். மண்வெட்டிக்காரர் தயாராக நின்றார்.

“ஐயா, பதினோரு வருஷமா வாரம் தவறாம வந்து பாத்துக்கறேன். அவரைத் தொந்தரவு பண்ணாதீங்க.”

“ஏம்மா, உங்க வீட்டுக்காரருக்குன்னு என்ன வரலாறு இருக்கு?”

“வரலாறு இல்லைங்க. நான் இருக்கேன்.”

யாரோ இருமினார்கள். தலைவருக்குச் சுருக்கென்றது.

“இருந்தா ஆச்சா? மனுஷன்னா வம்சம் வேணும்மா! என் நடை, என் கம்பீரம், இந்த நீளமுகம்கூட இவர் குடுத்ததுதான். என் உடம்புல ஓடறது இவர் ரத்தம்!” மண்வெட்டிக்காரர் பக்கம் திரும்பினார். “என்ன வேடிக்கை? வெட்டுய்யா.”

அவள் போய்க் கணவரின் கல்லறைமேல் உட்கார்ந்துகொண்டாள். மண்வெட்டிக்காரர் தயங்கினார்.

அந்த நேரத்தில், கம்பி பிரஷ்ஷால் பெரிய கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்த கல்தச்சர் கூப்பிட்டார். “ஐயா, பாசிக்கு அடியில இன்னொரு வரி இருக்குங்க!”

தலைவர் முகம் மலர்ந்தது. “நில்லுங்க, எல்லாரும் இங்க வாங்க. அந்தப் போனை எடுத்துப் பதிவு பண்ணுங்க. ஏம்மா, நீங்களும் காதைத் தீட்டிக்கிட்டுக் கேளுங்க. வரலாறுன்னா என்னன்னு தெரியும். யோவ், சத்தமா படி!”

கல்தச்சர் எழுத்துகளை விரலால் தடவினார். வாய்க்குள் ஒருதரம் படித்தார். தலைவர் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி கல்லைப் பார்த்தார்.

“அட, வாய் விட்டுப் படிய்யா!”

“‘நாலு குளம்பும் தேய ஓடியவன்’னு போட்டிருக்குங்க.”