சர்க்கரை போடாத பால்

டம்ளருக்குள் முருங்கைப்பூக்கள் வெந்து சுருங்கிக் கிடந்தன.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எதிரே மாமியார் இடுப்பில் கைவைத்து நின்றார். டம்ளர் காலியாகும்வரை நகரமாட்டார்.

எட்டு மாதமாக இப்படித்தான்.

“சக்கரை போட்டா கொணம் போயிரும், அம்மிணி.”

இதுவும் எட்டு மாதமாகத்தான்.

பால் முடிந்தால் பூசணி விதை ஒரு கைப்பிடி. பிறகு நாட்டுக்கோழி முட்டை இரண்டு. சாயங்காலம் மாதுளை. ஆறு கிலோ ஏறிவிட்டாள். இருக்கிற ஜாக்கெட்டையெல்லாம் பிரித்துத் தைத்தாயிற்று.

மேசையின் மறுமுனையில் கணவன் முறுகல் தோசை தின்றுகொண்டிருந்தான்.

இந்தச் சாப்பாட்டுப் பட்டியல் டாக்டர் அவனுக்கு எழுதிக் கொடுத்தது.

டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். அவளிடம் ஒரு குறையும் இல்லை. அவனுக்குத்தான் உயிரணுக்கள் குறைவு. சத்தாகச் சாப்பிடட்டும், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். அவன் தலையைத் தலையை ஆட்டினான்.

வீட்டுக்கு வந்து அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் மாமியார் தாளை வாங்கிப் பார்த்துவிட்டார். யாருக்கு என்று கேட்டார்.

“அவளுக்குத்தாம்மா.”

பொய்யை வழியிலேயே தயார் செய்திருக்கிறான். தாளின் தலையில் இருந்த தன் பெயரைக் கிழித்திருந்தான்.

அவள் விழுங்கிக்கொண்டாள். இன்று ஒரு நாள் போகட்டும், நாளைக்கு அவனே சொல்வான் என்று நினைத்தாள். எங்கே சொன்னான்!

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். இந்த வீட்டில் பழி வந்த இடத்துக்கே பத்தியமும் வந்து சேர்ந்தது.

தாள் இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. தலையைக் கிழித்தவன் காலை மறந்துவிட்டான். கடைசி வரி அப்படியே இருக்கிறது.

சிகரெட்டை உடனே நிறுத்தவும்.

அவள் பிறந்ததிலிருந்து சிகரெட்டைத் தொட்டதில்லை.

இது என்ன வரி என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. மாமியாரும் கேட்கவில்லை. பேப்பரில் கண்ணீர் அஞ்சலியைக்கூட ஒரு எழுத்து விடாமல் படிக்கிறவர் அவர்.

நேற்று நாத்தனாருக்கு வளைகாப்பு.

சந்தனக் கிண்ணம் வரிசையாகக் கைமாறி வந்தது. அவள் கையை நீட்டினாள். பெரியத்தை கிண்ணத்தை அவளைத் தாண்டி அடுத்தவளிடம் கொடுத்தார். முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார்.

நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முந்தானையில் துடைத்துக்கொண்டாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

மாமியார் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அவன் பந்தியில் இரண்டாம் முறை பாயசம் கேட்டுக்கொண்டிருந்தான்.

ராத்திரி முழுக்க அந்தக் கை அவளுக்கு எரிந்தது.

இப்போது இந்தப் பால்.

போதுமடா சாமி.

டம்ளரை மேசையில் வைத்தாள். ஒரு தள்ளு தள்ளினாள். அது போய் அவனுடைய தோசைத் தட்டில் முட்டி நின்றது.

“இனிமே இத உங்க மகன் குடிக்கட்டுங்க, அத்தை.”

அவன் மெல்லுவதை நிறுத்தினான். நிமிரவில்லை.

அவள் காத்திருந்தாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். டாக்டர் சொன்னது, ஆஸ்பத்திரிக்குப் போன தேதி, கிழித்த துண்டு எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. எட்டு மாதமாக நிற்கின்றன.

மாமியார் சமையலறைக்குப் போனார்.

சர்க்கரை டப்பாவோடு திரும்பி வந்தார்.

மகனின் டம்ளரில் ஒரு ஸ்பூன் போட்டார். கொஞ்சம் யோசித்து இன்னொன்றும் போட்டார். அடிவரைக்கும் நன்றாகக் கலக்கினார்.

மருமகளின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.