திறக்காத பானெட்

பத்து நாள் லீவில் காரைத் தானே சர்வீஸ் செய்துவிடுவதென்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கியவருக்கு, பானெட்டே திறக்கவில்லை. உள்ளே லீவரை இழுத்தால் தொளதொளவென்று வந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

அவன் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"கேபிள் போயிடுச்சு சார். புதுசு வர பத்து நாளாவது ஆகும்."

"அதுக்குள்ள என் லீவே முடிஞ்சிடுமேப்பா!"

முகம் தொங்கிப்போய் அவர் வீட்டுக்குள் போனார். மெக்கானிக்குக்கே பாவமாக இருந்தது. வாசல்வரை வந்த மனைவி குரலைத் தாழ்த்தினாள்.

"இரக்கப்படாதீங்க தம்பி. போன லீவுல இவர் கைவச்சு, வண்டி ரெண்டு மாசம் உங்க ஷெட்டுலதானே கிடந்துச்சு? பதினோராம் நாள் வந்துடுங்க."

"வந்துடறேன் அக்கா. நேத்து சார் ஆபீஸ் போனதும் நீங்க கழட்டிவிடச் சொன்ன கேபிள்தானே? மாட்ட அஞ்சு நிமிஷம் போதும்."